அமெரிக்கத் துணை அதிபர் பதவியும் அடுத்த வேட்பாளர் என்னும் எதிர்பார்ப்பும்: கட்சிகள் முன்னிறுத்தும் முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துணை அதிபர் பதவி வகிப்பவர் தம் கட்சியின் அடுத்த அதிபர் வேட்பாளராகக் கருதப்படுவது இன்று இயல்பான ஒன்றாக உள்ளது. இந்த எதிர்பார்ப்பு அரசியலமைப்பு வழங்கியதன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சட்டத் திருத்தம், கட்சி நடைமுறை, அதிபரின் விருப்பம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது. கட்சி துணை அதிபரை எவ்வழிகளில் முன்னிறுத்துகிறது என்பதையும், அவ்வாறு முன்னிறுத்துவதால் அவருக்குக் கிட்டுவன எவை, கிட்டாதன எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வேட்பாளர் நியமனத்தை எளிதாக்கும் உறவே பொதுத்தேர்தலில் அவரது தனிக்குரலைக் கட்டுப்படுத்துகிறது என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: துணை அதிபர், வேட்பாளர் நியமனம், முதனிலைத் தேர்தல், 22ஆவது திருத்தம், அரசியல் வாரிசு.

முன்னுரை

தமிழ் இதழ்கள் அமெரிக்கத் துணை அதிபரைப் பற்றி எழுதும்போது ‘அரசியல் வாரிசு’ என்னும் தொடரைத் தயக்கமின்றிக் கையாளுகின்றன. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாருடைய பூர்விக ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் 2020 முதல் 2024 வரை இப்பதவி தமிழ்நாட்டில் வழக்கத்தினும் மிகுந்த கவனத்தைப் பெற்றது. ஆனால், தமிழ் அரசியல் வழக்கில் ‘வாரிசு’ என்னும் சொல் குருதி உறவையோ தலைவரின் வெளிப்படையான அறிவிப்பையோ குறிக்கும். வாரிசாக ஏற்கப்பட்டவருக்குக் கட்சியின் கட்டமைப்பும் தொண்டரும் உடன் வந்து சேர்வர். அமெரிக்கத் துணை அதிபருக்கு இவற்றுள் எதுவும் உறுதியாகக் கிடைப்பதில்லை. அவர் பெறுவது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. அதனைக் கட்சி வளர்க்கலாம், தாமதப்படுத்தலாம், வேறொருவருக்கு மாற்றவும் செய்யலாம். எனவே, ‘வாரிசு’ என்னும் சொல் மறைத்துவிடும் நடைமுறையைப் பிரித்தறிவது இன்றியமையாததாகிறது.

அரசியலமைப்பும் தொடக்ககால நடைமுறையும்

1787இல் வரையப்பட்ட அரசியலமைப்பின்படி, அதிபர் தேர்தலில் இரண்டாம் இடம் பெறுபவரே துணை அதிபர் ஆவார். இவ்விதியின்கீழ் துணை அதிபர் என்பவர் நாட்டின் இரண்டாவது பெரும் தலைவராகவே கருதப்பட்டார். ஜான் ஆடம்ஸ் 1796இலும் தாமஸ் ஜெபர்சன் 1800இலும் துணை அதிபராக இருந்தவாறே அதிபராகத் தேர்வுபெற்றமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். 1804இல் ஏற்கப்பட்ட 12ஆவது திருத்தம் இரு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்கும் முறையைக் கொணர்ந்தது. அதன் விளைவாகத் துணை அதிபர் வேட்பாளர் என்பவர் பட்டியலைச் சமன்செய்யும் துணையாளராக மாறினார். வட மாநிலத்தவர் அதிபர் வேட்பாளரானால் தென் மாநிலத்தவர் துணைக்குச் சேர்க்கப்பட்டார். கட்சியின் ஒரு பிரிவு முதலிடம் பெற்றால் மற்றொரு பிரிவுக்கு இரண்டாமிடம் தரப்பட்டது. அடுத்த தலைவரை உருவாக்குவது அத்தேர்வின் நோக்கமாக இருக்கவில்லை.

இதற்கு மார்ட்டின் வான் பியூரன் ஒரு விதிவிலக்கு. ஜனநாயகக் கட்சியின் முதல் தேசிய மாநாடு 1832இல் பால்டிமோரில் கூடியபோது அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கியது. ஆண்ட்ரூ ஜாக்சனின் விருப்பம் அதன் பின்புலமாக இருந்தது. 1836இல் வான் பியூரன் வெற்றிபெற்றார். கட்சி என்னும் அமைப்பு தோன்றிய காலத்திலேயே துணை அதிபரை அடுத்த தலைவராக வளர்க்கும் முயற்சியும் தோன்றியது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும். ஆயினும் அது மரபாக வேரூன்றவில்லை. 1860இல் பிரெக்கின்ரிட்ஜைப் பிளவுபட்ட ஜனநாயகக் கட்சியின் தென்பிரிவு நிறுத்தியதைத் தவிர, 1836க்குப் பின் 1960 வரை எந்தப் பெருங்கட்சியும் பதவியிலிருந்த துணை அதிபரைத் தன் அதிபர் வேட்பாளராக நியமிக்கவில்லை.

அதிபரின் மறைவால் பதவியேற்றவர்களின் நிலையும் இதனை உறுதிப்படுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வாறு பதவியேற்ற டைலர், பில்மோர், ஆண்ட்ரூ ஜான்சன், ஆர்தர் ஆகிய நால்வரில் ஒருவரையும் அவரவர் கட்சி அடுத்த தேர்தலில் வேட்பாளராக்கவில்லை. பதவியின் அதிகாரம் முழுவதும் கையில் இருந்தபோதும் கட்சி அவர்களைத் தன்னுடையவராகக் கருதவில்லை. 1904இல் தியோடர் ரூஸ்வெல்ட் பெற்ற வெற்றி முதலாகவே இந்நிலை மாறியது.

மாற்றத்தின் காரணங்கள்

20ஆம் நூற்றாண்டில் நான்கு மாற்றங்கள் துணை அதிபர் பதவியின் அரசியல் மதிப்பை உயர்த்தின. முதலாவது, தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சித் தலைவர்களிடமிருந்து அதிபர் வேட்பாளரிடம் சென்றது. 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஹென்றி வாலஸைத் துணை வேட்பாளராக ஏற்காவிடில் தாம் போட்டியிடப் போவதில்லை என்ற நிலையை எடுத்தார். மாநாடு பணிந்தது. எனினும் 1944இல் கட்சித் தலைவர்களின் அழுத்தத்தால் வாலஸ் விலக்கப்பட்டு ஹாரி ட்ரூமன் நிறுத்தப்பட்டார். அதிபரின் தேர்வும் கட்சியின் ஒப்புதலும் வேறுவேறானவை என்பதை நான்காண்டு இடைவெளியில் நடந்த இவ்விரு மாநாடுகளும் காட்டுகின்றன.

இரண்டாவது, ட்ரூமனின் அனுபவம். 82 நாள்கள் மட்டுமே துணை அதிபராக இருந்து 1945 ஏப்ரலில் அதிபர் பொறுப்பேற்ற அவருக்கு, அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அதன் பின்னரே தெரிவிக்கப்பட்டது. துணை அதிபரை ஆட்சியின் வெளிவாயிலில் நிறுத்தி வைப்பது நாட்டுக்கே ஆபத்தாகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. மூன்றாவது, 1949இல் துணை அதிபர் சட்டப்படி தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் உறுப்பினரானார். நான்காவதும் மிக முதன்மையானதும் 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது திருத்தமாகும். ஒருவர் இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்னும் இவ்விதி, இரண்டாம் பதவிக்காலம் தொடங்கும் நாளிலேயே அடுத்த வேட்பாளர் யார் என்னும் கேள்வியை எழுப்பிவிடுகிறது. அதிபரைத் தொடரச் செய்ய இயலாத கட்சி, ஆட்சியின் தொடர்ச்சியை வேறொருவரிடம் தேடியாக வேண்டும். அவருக்கு அடுத்த நிலையில் நிற்பவர் துணை அதிபரே. இத்திருத்தத்தின் தடைக்கு உட்பட்ட முதல் அதிபர் ஐசனோவர் என்பதும், அவருடைய துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சனே 1960இல் வேட்பாளரானார் என்பதும் தற்செயலானவை அல்ல.

கட்சி முன்னிறுத்தும் வழிகள்

துணை அதிபரைக் கட்சி முன்னிறுத்தும் வழிகளை மூன்றாக வகைப்படுத்தலாம்: கட்சிப்பணி, காட்சிப்படுத்தல், நிதி.

கட்சிப்பணி என்பது இடைக்காலத் தேர்தல்களில் மாநிலந்தோறும் சென்று பரப்புரை செய்வதைக் குறிக்கும். ஐசனோவர் கட்சிப் பூசல்களுக்கு அப்பாற்பட்டவராகத் தம்மைக் காட்டிக்கொண்டபோது, 1954, 1958 இடைக்காலத் தேர்தல்களில் குடியரசுக் கட்சியின் கடும் பரப்புரையை ஏற்று நடத்தியவர் நிக்சன். வட்டார அளவிலான கட்சிப் பொறுப்பாளர்களுக்கு அவர் பட்டிருந்த பாடு 1960இல் நியமனமாகத் திரும்பி வந்தது. பதவியில் இல்லாத நிலையிலும் 1966இல் அவர் இதே பணியைச் செய்தார். 1968இல் கட்சி மீண்டும் அவரிடம் வந்தது. கட்சிப்பணியால் ஈட்டப்படும் நன்றி, பதவி முடிந்த பின்னும் நீடிக்கக்கூடியது என்பதற்கு நிக்சனே சிறந்த சான்று.

காட்சிப்படுத்தல் என்பது அயல்நாட்டுப் பயணம், சிறப்புப் பொறுப்பு, விவாத மேடை ஆகியவற்றால் துணை அதிபரை அதிபர் பதவிக்கு ஏற்றவராகக் காட்டுவதாகும். 1959இல் மாஸ்கோவில் நிக்சன் குருசேவுடன் நடத்திய வாதம் இவ்வகையைச் சாரும். 1977இல் ஜிம்மி கார்ட்டர் தம் துணை அதிபர் வால்ட்டர் மாண்டேலுக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில் அலுவலகம் அளித்து, வாரந்தோறும் தனியே உணவருந்திக் கலந்துரையாடும் வழக்கத்தைத் தொடங்கிய பின் இப்பதவி ஆலோசகர் நிலைக்கு உயர்ந்தது. 1993இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடு குறித்து ராஸ் பெரோவுடன் ஆல் கோர் நடத்திய தொலைக்காட்சி விவாதமும் இத்தொடரில் வைத்து எண்ணத்தக்கது.

ஆயினும் காட்சிப்படுத்தல் இருமுனைக் கத்தி போன்றது. எளிய பணிகளை அதிபர் தாமே ஏற்றுக்கொள்வார். தீர்வு காண அரிதான பணிகளே பெரும்பாலும் துணை அதிபருக்கு வந்துசேரும். 2021 மார்ச்சில் நடு அமெரிக்க நாடுகளிலிருந்து மக்கள் இடம்பெயர்வதற்கான அடிப்படைக் காரணங்களை ஆராயும் தூதரகப் பணி ஹாரிஸிடம் ஒப்படைக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் அதனை எல்லைக் காவல் முழுவதற்குமான பொறுப்பாகத் திரித்துரைத்து, 2024 வரை அவர்மேல் சுமத்தினர். அதேவேளை, செனட் அவையில் சமநிலையை முறிக்கும் வாக்கை அவர் 33 முறை அளித்துக் கால்ஹூனின் 31 என்னும் பழைய எண்ணிக்கையை முந்தினார். இவ்வரலாற்றுச் செயல் வாக்காளர் நினைவில் இடம்பெறவில்லை. அவையில் அளித்த வாக்கு ஆட்சியின் கணக்கிலும், எல்லைச் சிக்கல் அவர் கணக்கிலும் எழுதப்பட்டன.

நிதி என்பது மூன்றாவது வழி. 2024 ஜூலை 21ஆம் நாள் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, பரப்புரைக் குழு இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தமையால் அதன் நிதியும் பணியாளர் அமைப்பும் ஹாரிஸிடம் தொடர முடிந்தது. வேறெந்த வேட்பாளருக்கும் இவ்வசதி இல்லை. 2025 மார்ச்சில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் நிதித் தலைவராக அமர்த்தப்பட்டார். பதவியிலுள்ள துணை அதிபர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றது இதுவே முதன்முறை. கட்சிக்கு நன்கொடை தருவோருடனான உறவை அவருக்கு முன்கூட்டியே திறந்துவிடும் இந்நியமனம், ‘அடுத்தவர் இவரே’ என்று வாயால் சொல்லாமலேயே சொல்லும் செயலாகும். முன்னர் வழக்கமாக மட்டும் இருந்தது இங்குக் கட்சிப் பதவியாகவே வடிவம் பெற்றிருக்கிறது.

அதிபரின் சொல்லும் மௌனமும்

இம்மூன்று வழிகளுக்கும் மேலாக நிற்பது அதிபரின் சொல். அச்சொல்லைக் கட்சியால் வரவழைக்க இயலாது. 1960 ஆகஸ்டில் செய்தியாளர் கூட்டமொன்றில், நிக்சன் அளித்துத் தாம் ஏற்ற முதன்மையான கருத்து எது எனக் கேட்கப்பட்டபோது, ஒரு வாரம் அவகாசம் தந்தால் ஒன்று நினைவுக்கு வரலாம் என்னும் பொருள்பட ஐசனோவர் விடையளித்தார். எட்டாண்டு அனுபவமே தம் தகுதி என்று கூறிவந்த வேட்பாளரின் அடித்தளத்தை அவ்வொரு விடை அசைத்தது. கென்னடி தரப்பு அதனையே விளம்பரமாக்கியது. வாக்கு வேறுபாடு ஒரு விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவாக இருந்த தேர்தல் அது.

அதிபரின் மௌனமும் ஒரு முடிவாகலாம். ரொனால்ட் ரீகன் 1988இல் முதனிலைத் தேர்தல்கள் ஏறத்தாழ முடிவுபெற்ற மே மாதத்திலேயே ஜார்ஜ் புஷ்ஷுக்கு முறையான ஆதரவை அறிவித்தார். பராக் ஒபாமாவைச் சூழ்ந்திருந்தோர் 2016க்கு இலாரி கிளிண்டனையே உகந்தவராகக் கருதினர். பைடன் 2015 அக்டோபரில் போட்டியிடுவதில்லை என அறிவித்தார். எட்டாண்டுகள் துணை அதிபராக இருந்தவரையே கட்சி கடந்து செல்ல முடியும் என்பதற்கு இது சான்று. டொனால்ட் டிரம்ப் 2025 பிப்ரவரியில் வான்ஸைத் தம் அடுத்தவராகக் காண்கிறாரா என்ற வினாவுக்கு இல்லை என்று விடையளித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் அவரே பெரும்பாலும் அடுத்தவராகலாம் என்னும் கருத்தைத் தெரிவித்தார். விடை மாறியது. ஆனால் விடை தருபவர் மாறவில்லை. அடுத்தவரை விரைந்து அறிவித்தால் தம் செல்வாக்கு குறையும் என்பதை அதிபர்கள் அறிவர். ஆகவே, துணை அதிபரின் எதிர்காலம் அதிபரின் தன்னலக் கணக்கோடு பிணைந்தே கிடக்கிறது.

மைக் பென்சின் நிலை இப்பிணைப்பின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2021 ஜனவரி 6ஆம் நாள் தேர்வாளர் வாக்குகளை எண்ணும் கடமையில் அதிபரின் விருப்பத்திற்கு மாறாக நின்ற அவர், 2023இல் வேட்பாளர் நியமனத்திற்குப் போட்டியிட்டு, எந்த மாநிலமும் வாக்களிக்கும் முன்பே அக்டோபரில் விலகினார். அரசியலமைப்பின்பால் கொண்ட கடமையும் கட்சியின் நன்மதிப்பும் மோதும்போது, துணை அதிபரின் நான்காண்டு உழைப்பு எதனையும் மிச்சம் வைப்பதில்லை.

தனிக்குரல் என்னும் சிக்கல்

1960, 1968, 1988, 2000, 2024 ஆகிய ஐந்து தேர்தல்களில் பதவியிலிருந்த துணை அதிபர்கள் பெருங்கட்சி வேட்பாளராயினர். அவர்களுள் வென்றவர் 1988இன் புஷ் ஒருவரே. ஐந்து நிகழ்வுகளைக் கொண்டு விதி வகுத்தல் பொருந்தாது. 1960, 1968, 2000 ஆகிய மூன்றும் நூலிழையில் முடிந்தவை. 2000இல் மக்கள் வாக்குகளில் கோர் ஐந்து இலட்சத்திற்கும் மேல் முன்னிலை பெற்றிருந்தார். புளோரிடாவின் 537 வாக்குகள் முடிவை மாற்றின. போர், விலைவாசி, ஆட்சி மாற்ற விருப்பம் ஆகியவையும் ஒவ்வொரு முடிவிலும் பங்குபெற்றன. எனினும், ஐந்திலும் ஒரே சிக்கல் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். அதிபரோடு ஒன்றியிருந்ததால் நியமனம் பெற்றவர், அதிபரிலிருந்து வேறுபட்டவராகத் தம்மை எப்படிக் காட்டுவது என்பதே அச்சிக்கல்.

வியட்நாம் போரில் லிண்டன் ஜான்சனின் நிலைப்பாட்டிலிருந்து ஹியூபர்ட் ஹம்ப்ரி 1968 செப்டம்பர் 30ஆம் நாள் சால்ட் லேக் சிட்டி உரையில்தான் சற்றே விலகினார். அதன்பின் அவருக்கு ஆதரவு பெருகியும் காலம் போதவில்லை. கோர் இதற்கு எதிர்த்திசையில் சென்றார். பில் கிளிண்டனின் தனிவாழ்வுக் குற்றத்தை 1998இல் செனட் அவையில் கண்டித்த ஜோசப் லீபர்மனையே துணை வேட்பாளராகத் தேர்ந்தார். அதிபரைப் பரப்புரையிலிருந்து பெரிதும் விலக்கியும் வைத்தார். அதனால் ஆட்சியின் பொருளாதார வளத்தை உரிமைகொண்டாடும் வாய்ப்பையும் அவர் இழந்தார் என்னும் விமர்சனம் அன்று முதல் தொடர்கிறது. ஹாரிஸிடம் 2024 அக்டோபர் 8ஆம் நாள் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், பைடனிலிருந்து வேறுபட்டு எதனைச் செய்திருப்பீர்கள் எனக் கேட்கப்பட்டது. எதுவும் தோன்றவில்லை என்னும் பொருளில் அவர் விடையளித்தார். ஹம்ப்ரி தாமதித்து விலகினார், கோர் மிகுதியாக விலகினார், ஹாரிஸ் விலகவில்லை. மூன்று வழிகளும் தோல்வியில் முடிந்தமை, சிக்கல் தனிமனிதர் திறனில் மட்டும் இல்லை என்பதை உணர்த்துகிறது.

புஷ் வென்றமைக்குரிய சூழலும் நோக்கத்தக்கது. அயோவாவில் மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்ட அவர், நியூ ஹாம்ப்ஷயரில் மீண்டெழுந்து, கட்சி உறுப்பினர்களின் வாக்கால் நியமனத்தை ஈட்டினார். மாநாட்டு உரையில் வரி உயர்த்துவதில்லை என்னும் உறுதியால் ரீகனின் ஆதரவாளர்களை நிறைவுசெய்து, கனிவு மிகுந்த நாடு என்னும் கருத்தால் தம்மை வேறுபடுத்தியும் காட்டினார். தொடர்ச்சியும் வேறுபாடும் ஒரே உரையில் இடம்பெற்றன. ஆயினும் அத்தொடர்ச்சிக்கு விலை இருந்தது. 1990இல் அவ்வரி உறுதியை மீற நேர்ந்ததால் கட்சியின் ஒரு பிரிவு அவரைவிட்டு நீங்கியது. 1992இல் அவர் தோற்றார். 1837இன் பொருளாதார நெருக்கடியைச் சுமந்த வான் பியூரனும் 1840இல் தோற்றிருந்தார். 12ஆவது திருத்தத்திற்குப் பின் துணை அதிபர் பதவியிலிருந்து நேரே தேர்தல்வழி அதிபரானோர் இவ்விருவரே. இருவருமே ஒரே பதவிக்காலத்தோடு நின்றனர்.

முதனிலைத் தேர்தலைத் தாண்டிய நியமனம்

1968இல் ஹம்ப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமல் சிகாகோ மாநாட்டில் நியமனம் பெற்றார். அதற்கெதிராக எழுந்த சினமே கட்சி விதிகளைச் சீர்திருத்தும் குழுவுக்கு வழிவகுத்தது. 1972 முதல் பேராளர்களைத் தெரிவதில் வாக்காளர் பங்கு முதன்மை பெற்றது. அரை நூற்றாண்டுக்குப் பின் 2024இல் அதே கட்சி, முதனிலைத் தேர்தலில் அதிபர் வேட்பாளராக ஒரு வாக்கும் கோராத ஒருவரை இணையவழிப் பேராளர் வாக்கெடுப்பில் நியமித்தது. 2020 தேர்தலுக்கான தம் போட்டியிலிருந்து ஹாரிஸ் 2019 டிசம்பரிலேயே விலகியிருந்தார். எனவே, இருமுறையும் அவர் கட்சி வாக்காளர் முன் சோதிக்கப்படவில்லை. பரப்புரைக்கு 107 நாள்களே எஞ்சியிருந்த நிலையில் கட்சிக்கு வேறு வழி அரிது என்பது உண்மை. ஆனால் முதனிலைத் தேர்தல் என்பது சடங்கன்று. வேட்பாளர் தம் குரலைக் கண்டடையும் களமும் அதுவே. வினாக்கள் கூர்மையாக வரும், தவறான விடைகளைத் திருத்திக்கொள்ளக் காலமும் இருக்கும். 2020இல் அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் தோற்று, தென் கரோலினாவில் மீண்ட பைடனுக்கு அக்களம் கிட்டியது. ஒபாமாவின் ஆதரவு அறிவிப்பு ஏப்ரல் 14ஆம் நாள், போட்டி முடிந்தபின்னரே வந்தது. தாமதமான அவ்வாதரவு பைடனைத் தம் காலில் நிற்கச் செய்தது எனலாம்.

முடிவுரை

கட்சி துணை அதிபருக்கு மேடை, நன்கொடையாளர், பெயரறிவு ஆகியவற்றைத் தர இயலும். அதிபரின் வெளிப்படையான நம்பிக்கையையும், ஆட்சியிலிருந்து வேறுபட்டுப் பேசும் உரிமையையும் அதனால் தர இயலாது. முன்னது அதிபரின் விருப்பம், பின்னது வாக்காளர் முன் போட்டியிட்டு ஈட்டவேண்டியது. துணை வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அவருக்கெனத் தனியே எவரும் வாக்களிப்பதில்லை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவரையே போட்டியின்றி அடுத்த வேட்பாளராக்கினால், ஒருவரின் விருப்பம் எட்டாண்டுகளுக்குப் பின்னும் ஒரு கட்சியின் முடிவாக நிலைத்துவிடும். மக்களாட்சி நோக்கில் கவலைக்குரியது இதுவேயாகும்.

எனவே, துணை அதிபரை முன்னிறுத்துவது தவறன்று. அவரைச் சோதனையிலிருந்து காப்பதே தவறு. வான்ஸ் கட்சி நிதிப்பொறுப்பின் வழியாக முன்கூட்டியே வலுப்பெற்று வரும் இன்றைய சூழலில், 2028இன் முதனிலைத் தேர்தல் மெய்யான போட்டியாக அமையுமா என்பதே கவனிக்கத்தக்க வினா. தமிழில் இப்பொருள் குறித்து எழுதுவோர் ‘வாரிசு’ என்னும் சொல்லைக் கையாளுமுன், அந்த உரிமையை அளித்தவர் யார், ஏற்றவர் யார், கேட்கப்படாதவர் யார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது ஆய்வுக்குத் துணைசெய்யும்.